கரண்டுக்கு முந்தி கணக்கு

நெத்தியில பொட்டு வைக்கிற எடத்துல பேட்டரி ஒட்டப் போறியாமே மாப்ளே? உங்கம்மா, அதான் எங்கக்கா, போன்ல அழுகாத குறை. "தம்பி, எம் புள்ள மண்டைக்குக் கரண்டு வைக்கப் போறான், நீ கூப்பிட்டு நாலு வார்த்தை சொல்லப்படாதா"ன்னா. சொல்றேங்க்கான்னுட்டேன். என்னத்தைச் சொல்லப் போறேன்னு அவகிட்டச் சொல்லல.

நான் உன்னைத் தடுப்பேன்னு அவ நினைக்கிறா. நான் ஏன் தடுக்கப் போறேன்? கவர்மெண்டு ஆஸ்பத்திரியில கம்பவுண்டரா இருந்து ரிட்டையர் ஆனவன். மண்டையிடிக்கு இந்த ஊர்ச் சனம் பண்ணுன வைத்தியத்தையெல்லாம் பாத்தாச்சு. சுக்கை உரைச்சுப் பத்துப் போட்டாக. நொச்சி எலையைத் தலகாணிக்குள்ள வச்சுத் தச்சாக. தைலத்தைத் தேய்ச்சுத் தேய்ச்சு நெத்தித் தோலு உரிஞ்சு வந்து நின்னாக. கண்ணேறுன்னு மொளகாயச் சுத்தி அடுப்புல போட்டாக. அம்புட்டையும் பாத்த கண்ணுக்கு உன் பேட்டரி பெரிய அதிசயமில்ல. எம் பேத்தி வேற மதுரையில டாக்டருக்குப் படிக்கிறா. லீவுக்கு வந்தா புஸ்தகத்தை வாசிச்சு எனக்குத் தமிழ்ல சொல்லுவா. அவளுக்குப் பரிச்சைக்குப் படிச்சதாச்சு, எனக்குப் பொழுது போனதாச்சு. அதனால இந்த விசயத்துல மாமனை ஏமாத்த முடியாது, கேட்டுக்க.

மண்டைக்குக் கரண்டு வைக்கிறது புதுசுன்னு நெஞ்சை நிமித்தாதே. ரோமாபுரியில கிளாடியஸ்னு ஒரு ராசா. அவரு காலத்து வைத்தியரு ஸ்கிரிபோனியஸ் லார்கஸ். கி.பி. 47 வாக்குல அவரு எழுதின மருந்துக் குறிப்புல இருக்கு. தீராத தலைவலியா? கரண்டு அடிக்கிற திருக்கை மீனை உசுரோட பிடிச்சு வலிக்கிற எடத்துல வை. வலி நின்னு, அந்த எடம் மரத்துப்போனதும் எடுத்துரு. வைத்தியம் அம்புட்டுதான். நம்ம கடல்லயும் அந்தச் சாதித் திருக்கை உண்டு. அவனுக்கு மீன் செத்தா வைத்தியம் முடிஞ்சது, உனக்குச் சார்ஜு தீந்தா முடிஞ்சது.

ஆனா நியாயத்தைச் சொல்லணும்ல. அந்த வைத்தியரு எத்தனை பேருக்குக் கேட்டுச்சு, எத்தனை பேருக்குக் கேக்கலன்னு கணக்கு எழுதல. இந்தக் காலத்து ஆளுக எழுதியிருக்காக. நீ வாங்கப் போற பெட்டிக்கு மதிப்பே அந்தக் கணக்குதான். அதை வாசிக்காம பெட்டியை மட்டும் வாங்குனா, நீயும் மீனைத் தலையில வச்சவன்தான்.

மொதல்ல உன் கணக்கைப் பாப்போம். இந்த ஒத்தத் தலைவலி ஆம்பளை ஒருத்தனுக்கு வந்தா பொம்பளை மூணு பேருக்கு வருது. பெங்களூர்லயும் சுத்தியிருக்கிற கிராமங்கள்லயும் வீடு வீடாப் போயிக் கேட்டு எழுதின கணக்குல, வருசத்துல ஒருதரமாவது இது வந்தவுக நூத்துக்கு 25 பேரு. நம்ம வீட்டையே எடுத்துக்க. உங்க அம்மாச்சி நெத்தியில துணியை இறுக்கிக் கட்டிக்கிட்டு ஆட்டுரல்ல மாவாட்டினா. "வெயில்ல நின்னுருப்பா"ன்னு சொல்லிட்டு நாங்க இட்லியைத் தின்னோம். யாரும் எந்த மிசினையும் தேடல. இப்ப உனக்கு வந்ததும் பெல்ஜியம், இஸ்ரேலுன்னு தேடிக்கிட்டுத் திரியுறே. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும்னு சொன்னவன் சும்மாவா சொன்னான்?

உம் பொண்டாட்டியும் மாசத்துல சில நாளு கதவைச் சாத்தி, லைட்டை அமத்திட்டுப் படுத்துக்கிடுறாளாமே. உங்கம்மாதான் சொன்னா. வேலைக்கு அலுத்துக்கிடுறான்னு ஒரு வெளக்கமும் சொன்னா. எம் புள்ளைக்கு நரம்பு வியாதி, மருமகளுக்குச் சோம்பேறித்தனம். நல்லாருக்குப்பா உங்க வீட்டு ஆஸ்பத்திரி.

நாள்பட்ட ஒத்தத் தலைவலின்னு டாக்டருக சும்மா பேரு வைக்கிறதில்ல. மாசத்துல 15 நாளோ அதுக்கு மேலயோ தலைவலிக்கணும். அது 3 மாசத்துக்கு மேல நீடிக்கணும். அதுல 8 நாளாவது அசல் ஒத்தத் தலைவலிக் குணம் இருக்கணும். ஒரு பக்கமாத் துடிக்கிறது, குமட்டுறது, வெளிச்சமும் சத்தமும் ஆகாம இருட்டுக்குள்ள ஒதுங்குறது, இதெல்லாம். உன்னைக் கேட்டா "எப்பவும் வலிக்குது மாமா"ங்கிறே. எப்பவும்னா எத்தனை நாளுப்பா? சீட்டுல எத்தனை தவணை கட்டிருக்கேன்னு கேட்டா தேதியோட சொல்றவன், எந்த மோட்டாரு எந்தத் தேதி கடைக்கு வந்துச்சுன்னு நோட்டைப் பாக்காமச் சொல்றவன், சொந்த மண்டைக்கு மட்டும் கணக்கு வைக்கலியே.

அடுத்து மாத்திரை. சட்டைப் பையில ஒரு அட்டை, கல்லாப்பெட்டியில ஒரு அட்டை, வண்டிப் பெட்டியில ஒரு அட்டை. நீ வண்டியை நிறுத்துறதுக்குள்ள மருந்துக்கடைத் தம்பி எடுத்து மேசையில வச்சிருறானாம். கெட்டிக்காரன். சாதா வலி மாத்திரையை மாசத்துக்கு 15 நாளும் அதுக்கு மேலயும் தின்னாலோ, டிரிப்டான், எர்காட், ரெண்டு மூணு மருந்தைக் கலந்து அடிச்ச மாத்திரை, இதுகளை 10 நாளும் அதுக்கு மேலயும் தின்னாலோ, 3 மாசம் தாண்டுனா அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டாந்துரும். தலைவலி போயித் திருகுவலி வந்துச்சும்பாங்க. உனக்கு அந்த மாத்தம் கூட இல்ல, தலைவலி போயித் தலைவலியே வருது. நெத்தியில பெட்டியை ஒட்டிக்கிட்டு, பையில அட்டையையும் வச்சுக்கிட்டுத் திரிஞ்சா எது கேட்டுச்சு, எது கெடுத்துச்சுன்னு யாருக்குத் தெரியும்? அதைக் குறைக்கணும். நீயா ஒரே நாள்ல தூக்கிப் போட்டுட்டு மண்டையைப் பிடிச்சுக்கிட்டு உருளாதே. டாக்டரு சொல்ற முறையில குறை.

மண்டைக்குள்ள என்னதான் நடக்குதுன்னு கேப்பே. அமெரிக்காவுல லாஷ்லின்னு ஒரு மனோதத்துவ ஆராய்ச்சிக்காரரு. அவருக்கே இந்த நோவு. சில பேருக்கு வலி தொடங்குறதுக்கு முந்தி கண்ணுக்கு முன்னால கோணக்கோணலா ஒரு வெளிச்சம் நகரும். அது வந்தப்ப அவரு அதைத் தாள்ல படம் போட்டு, மணி பாத்து, மூளையில அது நிமிசத்துக்கு 3 மில்லிமீட்டர் நகருதுன்னு 1941ல எழுதி வச்சாரு. மண்டையிடி வந்தா நீ கடைப் பையனை வையுறே, அவரு கணக்குப் போட்டாரு. மூணு வருசம் கழிச்சு, 1944ல, பிரேசில்காரரு லியாவ் முயலோட மூளையில கிட்டத்தட்ட அதே வேகத்துல ஒரு அலை நகர்றதைக் கண்டு சொன்னாரு. ராத்திரி தெருவுல கரண்டு போகையில வீடு வீடா அணைஞ்சுக்கிட்டே வருமே, அப்பிடி மூளையோட மேல்பரப்புல நரம்பணுக ஒரு ஓரத்துல பொங்கி, அடங்கி, அந்த அடங்கல் பக்கத்துக்குப் பக்கம் நகருது. இது போக, மூஞ்சிக்கும் மூளையைச் சுத்துன சவ்வுக்கும் உணர்ச்சி குடுக்கிற நரம்பு ஒண்ணு இருக்கு. அது உசுப்பேறி நிக்கிறப்பத்தான் அந்தத் துடிப்பு வலி.

மிசினெல்லாம் பெரும்பாலும் இந்த ரெண்டு எடத்துலதான் கை வைக்குது. அலையை நடுவுல கலைச்சு விடுறது ஒண்ணு, உசுப்பேறின நரம்பை அமத்துறது ஒண்ணு.

காந்த மிசின் உனக்குச் சுளுவாப் புரியும், மோட்டாருக்குக் காயில் கட்டுறவன்ல. காந்தம் மாறுனா பக்கத்துல கரண்டு கெளம்பும்னு ஃபாரடே 1831ல கண்டது. 1985ல இங்கிலாந்து ஷெஃபீல்டுல பார்க்கரும் அவரு கூட்டாளிகளும் அதே காயிலை மனுசன் தலைக்கு மேல பிடிச்சாக. மண்டையில ஓட்டை இல்ல, மயக்க மருந்து இல்ல. காயில்ல ஒரு சொடுக்கு, உள்ள மூளையில கரண்டு, வெளிய கை வெரலு தானா துள்ளுச்சு. உங்கம்மா பயப்படுறாளே, அது பழைய சினிமாவுல வர்ற ஷாக் வைத்தியம். அதுல வலிப்பை வேணும்னே வரவழைப்பாக, இப்ப அதையும் மயக்கம் குடுத்துத்தான் செய்றாக. இதுல வலிப்பை வரவழைக்கிற சோலியே கிடையாது. அவகிட்ட அதை வெளக்கிச் சொல்லு, ராத்திரி தூங்கட்டும்.

பின்மண்டையில பிடிச்சுக்கிடுற அந்தக் காந்தப் பெட்டிக்கு 2013 டிசம்பர்ல அமெரிக்க அரசு அனுமதி குடுத்துச்சு. அதுக்கு முந்தி 2010ல ஒரு சோதனை வெளியாச்சு. பாதிப் பேருக்கு மெய் மிசின், மீதிப் பேருக்குப் பொய் மிசின். பாக்க ஒண்ணு போல இருக்கும், பொய் மிசினுக்குள்ள சரக்கு இருக்காது. ரெண்டு மணி நேரத்துல வலி இல்லாமப் போனவுக மெய் மிசின்ல நூத்துக்கு 39, பொய் மிசின்ல நூத்துக்கு 22. கவனிச்சியா? வெறும் பெட்டிக்கே 22 பேரு எந்திரிச்சு உக்காந்துட்டாக. நம்பிக்கையால போனது கொஞ்சம், தானாப் போனது கொஞ்சம். மிசினுக்குன்னு நாம குடுக்க வேண்டிய கூலி மிச்சம் 17 பேருக்குத்தான். இந்தக் கழித்தல் கணக்கை எந்த வியாபாரியும் உனக்குப் போட்டுக் காட்ட மாட்டான். அவன் 39ஐத்தான் காட்டுவான்.

நீ ஆசைப்படுற பொட்டு மிசின் பெல்ஜியத்துக்காரங்களது. 67 பேரு, தினம் 20 நிமிசம், 3 மாசம். தலைவலி நாளு பாதியாக் குறைஞ்சவுக மெய் மிசின்ல நூத்துக்கு 38, பொய்யில 12. சோதனை வெளிவந்தது 2013ல, அடுத்த மார்ச்சுல அமெரிக்க அனுமதி. நெத்தியில ஊசி குத்துறாப்புல சுருசுருன்னு இருக்கும், சில பேருக்குத் தூக்கம் வரும், தோலு செவக்கும். பெருசாக் கெடுதல் சொல்லல.

இஸ்ரேல்காரன் இன்னும் தந்திரக்காரன். தலைவலிக்குக் கையில கட்டுறான். சிரிக்காதே. ஒரு எடத்துல உறுத்துனா, மூளை இன்னொரு எடத்து வலியையும் சேத்து அமத்தும். அந்தக் குணத்தை வச்சு மேல்கையில 45 நிமிசம். 2019ல வந்த சோதனையில 252 பேரு. ரெண்டு மணி நேரத்துல வலி தணிஞ்சவுக நூத்துக்கு 67, பொய்க் கட்டுல 39. அது 2023ல இந்தியாவுக்கும் வந்துருச்சு. வெளிநாட்டுச் சரக்குன்னாத்தான் மதிப்பேன்னு இருக்காதே. நம்ம லக்னோவுல சஞ்சய் காந்தி முதுநிலை மருத்துவக் கழகத்துல 100 பேரை வச்சுப் பாத்து 2013லயே வெளியிட்டுட்டாக. ஒருநாள் விட்டு ஒருநாள், மூணே தடவை காந்தச் சொடுக்கு. ஒரு மாசத்துல தலைவலி பாதிக்கு மேல குறைஞ்சவுக நூத்துக்கு 79, பொய்யில 33.

மொகம் மலருதே. கொஞ்சம் பொறு, உன் கதைக்கு வாரேன். நான் மொதல்ல சொன்ன பின்மண்டைப் பெட்டி, பொட்டு, கைக்கட்டு, இந்த மூணு சோதனையும் விட்டு விட்டு வலி வர்றவுகளுக்கு. மாசத்துல பாதி நாளைத் தின்னுட்டு நிக்கிற உன் வகைக்கு இல்ல. உன் வகைக்குப் பாத்ததைச் சொல்றேன், கேளு. கழுத்துல பிடிச்சு அங்க ஓடுற நரம்பைத் தூண்டுற மிசினு ஒண்ணு உண்டு. 2016ல வெளியான சோதனையில நாள்பட்ட நோவுக்காரங்க 59 பேரு. ரெண்டு மாசத்துல மெய் மிசின் குறைச்சது சராசரியா 1.4 நாளு, பொய் மிசின் 0.2 நாளு. இது மிசினால வந்ததா, தற்செயலா வந்ததான்னு அடிச்சுச் சொல்ல அந்தக் கணக்கு பத்தல.

இன்னொண்ணு பிரேசில்ல, 2014ல வெளியானது. நாள்பட்ட நோவுக்காரங்க 18 பேரு, காந்த மிசினு. அதுல செயிச்சது யாரு தெரியுமா? பொய் மிசின்! அந்தப் பக்கம்தான் தலைவலி நாளு அதிகமாக் குறைஞ்சுச்சு. பேத்தி வாசிச்சப்ப எனக்குச் சிரிப்பு அடங்கல. நீ ஒடனே "அப்ப அந்தப் பொய் மிசின் எங்க மாமா கிடைக்கும், வெலை கம்மியா இருக்குமே"ன்னு கேப்பே. 18 பேரை வச்சு ஒரு முடிவுக்கும் வர முடியாதுங்கிறதுதான் அதுல இருக்கிற பாடம். மிசின் கேக்குதுன்னு 18 பேரைக் காட்டி ஒருத்தன் விக்க வந்தாலும் இதே பதில்தான்.

இன்னொரு சேதியும் காதுக்கு வந்துச்சு. கடையில ஒம்பது வோல்ட் பேட்டரி, ரெண்டு ஈர ஸ்பாஞ்சு, ஒரு ரெசிஸ்டரு, யூடியூப்ல ஒரு வெள்ளைக்காரன். "நானே செஞ்சுக்கிடுவேன், காயில் கட்டத் தெரிஞ்சவனுக்கு இது என்ன"ன்னு பையன்கிட்டச் சொன்னியாமே. பையன் பயந்துபோயி என்கிட்டச் சொல்லிட்டான், அவனை வையாதே. ஈர ஸ்பாஞ்சு வச்சு 1, 2 மில்லி ஆம்பியரை 20 நிமிசம் விடுற முறை டாக்டருககிட்டயும் இருக்கு. ஆனா அதையே ஆராய்ச்சி பண்ற 39 பேரு 2016ல ஒண்ணுகூடி, வீட்டுல செஞ்சுக்கிடுறவுகளுக்குன்னே பகிரங்கமாக் கடுதாசி எழுதினாக. ஸ்பாஞ்சு வச்ச எடத்தோட கரண்டு நிக்காது, ஒண்ணு சரியானா இன்னொண்ணு கெடலாம், மாத்தம் ரொம்ப நாளைக்கு நிக்கலாம், ஆளுக்கு ஆளு வேற வேறயா வேலை செய்யும், இதுதான் அதோட சாரம். காயில் கருகுனா மறுபடி கட்டலாம் மாப்ளே. தலைக்குள்ள இருக்கிறதைக் கட்ட இந்தத் தாலுகாவுல ஆளில்ல.

கடைச் சரக்குக்கும் விதி உண்டு. நெஞ்சுல பேஸ்மேக்கர் வச்சவன், காதுக்குள்ள கருவி பதிச்சவன், மண்டைக்குள்ள கிளிப்போ உலோகமோ இருக்கிறவன், வலிப்பு வந்தவன், இவுக டாக்டரைக் கேக்காம இந்தப் பக்கமே வரப்படாது. இன்னொரு வகைத் தலைவலி இருக்கு, அதுக்கு மிசினும் வேண்டாம், நோட்டும் வேண்டாம், ஆம்புலன்ஸுதான் வேணும். இடி விழுந்தாப்புல ஒரு நொடியில உச்சத்துக்குப் போற வலி, காய்ச்சலும் கழுத்து விறைப்பும் சேந்த வலி, கை காலு இழுக்குறதும் பேச்சு கொளறுறதும் சேந்த வலி, மண்டையில அடிபட்ட பொறவு வந்த வலி. அம்பது வயசுக்கு மேல மொதமொதலாத் தலைவலி தொடங்குனாலும் ஒத்தத் தலைவலின்னு நீயே பேரு வச்சுக்கிட்டு உக்காந்துராதே.

மிசினுக்கு முந்தி நாள்பட்டதுக்குன்னு இருக்கிற வழக்கமான வைத்தியத்தையும் கேட்டு வை. வலியை வராமத் தடுக்க புரோபிரனலால், அமிட்ரிப்டிலின், டோபிராமேட்னு மாத்திரைக இருக்கு. இது வலிக்கையில தின்னுறது இல்ல, வலிக்காதப்பவும் தினம் தின்னுறது. நீ வலிச்சாத்தான் தின்னுவே, வலி விட்டா மாத்திரையையும் டாக்டரையும் சேத்து மறந்துருவே. பன்னெண்டு வாரத்துக்கு ஒருதரம் தலையிலயும் கழுத்துலயும் 31 எடத்துல போடுற போட்டாக்ஸ் ஊசி, 2010ல நாள்பட்ட வகைக்குன்னே அமெரிக்காவுல அனுமதி வாங்குனது. 31 ஊசின்னதும் மூஞ்சி சுருங்குது பாரு, பேட்டரிக்கு மட்டும் வீரம். 2018ல இருந்து மாசத்துக்கு ஒருதரம் போடுற புது ஊசிகளும் வந்துருக்கு. மிசின் இதுகளுக்குப் பக்கத்துல நிக்கிற தொணை ஆளு. மாத்திரை ஒத்துக்காதவனுக்கும், மாத்திரையைக் குறைக்கப் பாக்குறவனுக்கும் அது நல்ல தொணை. உன் பீரோவுல நிக்கிறதுக்குத்தான்னா வேண்டாம். ஏற்கெனவே அங்க ஒரு மசாஜ் மிசினு தூசியடைஞ்சு கிடக்கு.

அதனால மாமன் தீர்ப்பைக் கேட்டுக்க. கடையில ஒரு நோட்டை வாங்கு. தினம் நாலே விசயம் எழுது: வலிச்சுச்சா, எம்புட்டு நேரம், என்ன மாத்திரை, ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்குனே. ஒரு மாசம் ஆனதும் அந்த நோட்டோட நரம்பு டாக்டரைப் போயிப் பாரு. அவரு சரின்னு சொன்னா மிசினை வாங்கு. பிடிக்கலன்னா திருப்பி எடுத்துக்கிடுவியான்னு கடைக்காரனை எழுத்துல கேட்டு வாங்கு. மூணு மாசம் ஒழுங்கா வச்சுப் பாரு, நோட்டுல நாளு குறைஞ்சா வச்சுக்க, குறையலன்னா கூச்சப்படாம நிறுத்திரு. உங்கம்மாவை நான் பாத்துக்கிடுறேன்.

வாங்குறப்ப நோட்டு ரெண்டா வாங்கு. ஒண்ணு உம் பொண்டாட்டிக்கு. டாக்டர்கிட்டப் போகையில அந்தப் பிள்ளையையும் கூட்டிட்டுப் போ, அவ நோட்டை மொதல்ல காட்டு.